வீட்டில் ஒரே மொழி

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, முப்பத்தொன்பது வயதில், பூனைக்கும் நாக்குக்கும் என்ன சம்பந்தம் என்று நான் படித்துக்கொண்டிருந்தேன். மலேசியாவில், கூலாய் ஊரில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் வகுப்பு. வாத்தியார் ரூபேந்திரனுக்கு இருபத்தாறு வயது. வார நாள்களில் சிங்கப்பூரில் ஓர் அலுவலகத்தில் போன் எடுத்துப் பேசுகிற வேலை. ஞாயிறானால் எங்களுக்கு அன்றாட இங்கிலீஷ். அன்று வெள்ளைப் பலகையில் ‘கேட் காட் யுவர் டங்?’ என்று எழுதி, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் ஒருவர் உம்மென்று இருந்தால் இப்படிக் கேட்பார்கள், பூனை உன் நாக்கைத் தூக்கிக்கொண்டு போய்விட்டதா என்று, என விளக்கினார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. என் நாக்கை எந்தப் பூனையும் தூக்கவில்லை. ஜோகூர் பாருவில் ஒரு பேச்சுப் பயிற்சி மையத்தில் கொடுத்த ஒற்றைக் காகிதம்தான் தூக்கிக்கொண்டு போனது.

வகுப்பில் மற்ற எட்டுப் பேரும் சிங்கப்பூரில் வேலை தேடுகிறவர்கள். சேரும்போது எதற்காகப் படிக்கிறீர்கள் என்று ஒரு கட்டம் இருந்தது. நானும் ‘சிங்கப்பூர் வேலை’ என்றே எழுதினேன். பெற்ற பிள்ளையோடு பேசுவதற்கு என்று எழுத வெட்கமாக இருந்தது.

என் பெயர் காளிதாஸ். செனாய் பக்கம் இருக்கும் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ் ஓட்டுகிறேன். பிறந்தது லாபிஸ் பக்கத்து ரப்பர் தோட்டம், படித்தது தமிழ்ப்பள்ளி, அதற்கப்புறம் மலாய்ப் பள்ளியில் ஐந்து வருடம். மலாயில் போலீஸ்காரரிடம் வாதாடி ஜெயிப்பேன். தமிழைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், வாய் ஓயாது. கல்யாணமான புதிதில் என் மனைவி ரூபினி, “உங்களுக்கு ஒரு பட்டன் வச்சிருந்தா அமுக்கி ஆஃப் பண்ணிருப்பேன்” என்பாள். அவள் சிங்கப்பூரில் ஒரு பல் கிளினிக்கில் வேலை செய்கிறாள். விடியற்காலையில் எல்லைப் பாலம் தாண்டிப் போனால் திரும்பி வர இரவு எட்டு ஆகிவிடும். நாளெல்லாம் இங்கிலீஷ் பேசுகிறவள்.

எங்கள் மகள் லோஷினிக்கு மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. நாலே நாலு சொல். அதிலும் இரண்டு எங்களுக்கு மட்டும் புரியும். பயந்துபோய் அந்த மையத்துக்குக் கூட்டிப் போனோம். அங்கிருந்த நிபுணர் ஒருவர் அரை மணி நேரம் பிள்ளையோடு விளையாடிப் பார்த்தார். பக்கத்து வீட்டு மெய் லிங் ஆன்ட்டி இங்கிலீஷ், டேப்லெட் இங்கிலீஷ், அப்பா தமிழ், அம்மா பாதிப் பாதி, கடைக்குப் போனால் மலாய், பிள்ளைக்குக் குழப்பமாக இருக்கிறது என்றார். ஒரே மொழியாக வைத்துக்கொள்ளுங்கள், இங்கிலீஷுக்குத்தான் அவள் திரும்பிப் பார்க்கிறாள், அதையே பேசுங்கள் என்றார். அச்சடித்த காகிதம் ஒன்றும் கொடுத்தார். அதில் முதல் வரியே ‘வீட்டில் ஒரே மொழி’. ரூபினி அதைக் கொண்டுவந்து ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டினாள்.

அன்றிலிருந்து லோஷினி காதுபட ஒரு சொல் தமிழ் கிடையாது. சொன்னால் நம்பமாட்டீர்கள், எட்டு மாதத்தில் பிள்ளை பேச ஆரம்பித்துவிட்டாள். முதலில் ‘வாட்டர் ப்ளீஸ்’, பிறகு முழு வாக்கியம், பிறகு கேள்வி மேல் கேள்வி. ரூபினி அவளைத் தூக்கிக்கொண்டு அழுதாள். நானும்தான் அழுதேன். பலன் கண்ணெதிரே நிற்கும்போது எவன் வாய் திறந்து எதிர்த்துப் பேசுவான்? எனக்கும் சேர்த்துத்தான் அந்தக் காகிதம் என்பது அப்போது உறைக்கவில்லை.

உறைத்தது தினமும் நாலு மணிக்கு. மாலை ஷிப்டு ஆட்களை இறக்கிவிட்டு வந்து, மெய் லிங் ஆன்ட்டி வீட்டிலிருந்து பிள்ளையை அழைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தால், ரூபினி வரும்வரை நாலு மணி நேரம் நானும் அவளும் மட்டும்தான். நாலு மணி நேரத்துக்கும் என்னிடம் இருந்தது நாலு வாக்கியம். ஆர் யூ ஹங்ரி, ஈட் ஸ்லோலி, டோன்ட் ரன், குட் கேர்ள். அவள் கேட்கிற எதற்கும் ‘யெஸ்’ என்பேன். அவள் முறைத்தால் ‘நோ’ என்று மாற்றிக்கொள்வேன். ஒருநாள் வீட்டு முன்னால் பெரிய கால்வாயில் ஓர் உடும்பு நீந்திப் போனது. அது எங்கே தூங்கும், அதற்கு அம்மா இருக்கிறதா என்று இங்கிலீஷில் அடுக்கடுக்காகக் கேட்டாள். அந்த உடும்பு என் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்து மதகுக்கு அடியில்தான் குடியிருக்கிறது. காலையில் வெயில் காய வரும். ஒரு மாதத்துக்கு முன்னால் ஒரு கோழியைக் கவ்விக்கொண்டு ஓடி, ஒரு தெருவையே பின்னால் ஓடவிட்டது. அத்தனையும் தொண்டை வரை வந்து நின்றது. கடைசியில் நான் சொன்னது, “யெஸ். பிக் ஒன்.”

தீபாவளிக்கு லாபிஸ் போனால் என் அக்கா யோகேஸ்வரிக்கும் இதே கட்டளை. அவள் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தாள், முறுக்கைக் கையில் கொடுத்தாள், மறுபடி சிரித்தாள். கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “தம்பி, பிள்ளை அவங்கப்பன ஊமைன்னு நெனச்சிக்கப் போவுதுடா” என்றாள். கோபம் வந்தது. சொன்னது உண்மை என்பதால் வந்த கோபம். அடுத்த வாரமே வகுப்பில் சேர்ந்தேன்.

சேர்ந்ததில் குறையொன்றும் சொல்ல முடியாது. வாரம் பத்துச் சொல்வழக்கு, முப்பது வார்த்தை. நோட்டில் எழுதி, பஸ்ஸில் ஸ்டியரிங் பக்கத்தில் வைத்துக்கொண்டு சிக்னலுக்குச் சிக்னல் படித்தேன். சுலபமான வேலை என்றால் ஒரு துண்டு கேக்காம். உடம்பு சரியில்லை என்றால் வானிலைக்குக் கீழே இருக்கிறார்களாம். மழை கொட்டினால் பூனையும் நாயுமாம். ஒருநாள் நல்ல மழை. இதுதான் சமயம் என்று ஜன்னலைக் காட்டி லோஷினியிடம், “இட்ஸ் ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்” என்றேன். பிள்ளை ஓடிப்போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மழை விடும்வரை நாய்க்குட்டிக்காகக் காத்திருந்தாள். வராமல் போனதும் என்னை ஒரு பார்வை பார்த்தாள், பொய் சொல்லிவிட்டேன் என்பதுபோல. அதை விளக்க என்னிடம் இங்கிலீஷ் இல்லை.

எனக்கு வேண்டியது நாயும் கேக்கும் இல்லை என்று அன்றைக்குப் புரிந்தது. அடுத்த வகுப்பில் கை தூக்கி, பிள்ளை கீழே விழுந்துவிட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டேன். ‘ஆர் யூ ஓகே?’ என்றார் ரூபேந்திரன். அது கேள்வி, அதற்கப்புறம்? ‘யூ வில் பி ஃபைன்.’ அதற்கப்புறம்? அவர் பேனாவை மூடித் திறந்து யோசித்தார். நம் வீட்டில் பிள்ளை விழுந்தால் தரையை அடிப்போமே, என் பிள்ளையையா தள்ளிவிட்டாய் என்று தரையைத் திட்டுவோமே, பிள்ளை அழுகையை மறந்து தானும் இரண்டு அடி போடுமே, அதை எப்படிச் சொல்வது என்று கேட்டேன்.

“அப்படியெல்லாம் இங்கிலீஷ்ல யாரும் தரைய அடிக்கறதில்லண்ணே” என்றார் அவர். நல்ல பையன், பாவமாகத்தான் சொன்னார்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும், மறைப்பதில் அர்த்தமில்லை. நாலு மணி நேரம் அடைத்து வைத்த பேச்சு எங்கேயாவது உடைத்துக்கொண்டு போகத்தானே செய்யும். எட்டு மணிக்கு ரூபினி பாலத்து ஜாமில் நசுங்கிச் சாறாகி வந்து நிற்பாள்; நான் அவள்மேல் கொட்டுவேன். ஏன் லேட்டு, ஏன் போன் எடுக்கவில்லை, சோறு ஆறிப்போச்சு. அவளும் சளைத்தவள் இல்லை. சண்டைக்கு எனக்கு இங்கிலீஷ் வராது, அவளுக்கும் சண்டை என்றால் தமிழ்தான். ஆனால் காகிதத்தில் போட்டபடி பிள்ளை காதில் விழக்கூடாதே. அதனால் இருவரும் சமையலறைக்குள் போய், மடக்குக் கதவை இழுத்து மூடிக்கொண்டு, அரை மணி நேரம் கத்திவிட்டு வெளியே வருவோம். வரும்போது லோஷினி டேப்லெட்டை அலறவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சத்தத்தைக் குறை என்று இங்கிலீஷில் சொல்வேன், குறைப்பாள். பாட்டு அவ்வளவு பிடிக்கும்போல என்றுதான் நினைத்தேன்.

காரில் போகும்போதும் அப்படித்தான். நெடுஞ்சாலையில் எவனாவது லாரியைக் குறுக்கே விட்டால் கண்ணாடியை இறக்கித் தமிழில் நாலு வார்த்தை விடுவேன். இங்கிலீஷில் திட்ட ரூபேந்திரன் சொல்லித்தரவில்லை.

போன மாதம் மையத்துக்குப் போகவேண்டிய நாள் வந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்ட வேண்டும். ரூபினிக்கு லீவு கிடைக்கவில்லை, நான் மட்டும் கூட்டிப் போனேன். பழைய நிபுணர் விலகிப் போய்விட்டாராம். கோமளா என்று புதிதாக ஒரு பெண் இருந்தார், சிலோன்காரர், முப்பது வயதுக்குள் இருக்கும். லோஷினியைப் பரிசோதித்துவிட்டு, பேச்சு வயதுக்குச் சரியாக இருக்கிறது, இனி வர வேண்டாம் என்றார். நான் நோட்டில் படித்த வாக்கியங்களை ஒவ்வொன்றாக எடுத்து நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் புன்னகைத்து, தமிழிலேயே பேசுங்கள் என்றார். வீட்டில் பிள்ளையோடு எப்படிப் பேசுவீர்கள் என்று கேட்டார். நான் காகிதத்தைப் பற்றிச் சொன்னேன். வகுப்பைப் பற்றியும் சொன்னேன்.

அவர் முகம் மாறியது. “அண்ணா, இப்ப நாங்க அப்படிச் சொல்றதில்ல. ரெண்டு மொழி கேட்டா பிள்ளைக்குப் பேச்சு வராதுன்னு கிடையாது. அவங்களுக்குப் பேச்சு எப்படியும் வந்திருக்கும்.”

மேசைமேல் அவர் பேனா இருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“உங்களுக்கு எது யோசிக்காம வாயில வருதோ, அதுலயே அவங்களோட பேசுங்க. ஆனா மெதுவா ஆரம்பிங்க. அவங்களுக்கு அது புதுசு.”

இரண்டு வருடம். எழுந்து நின்று யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. யாரை உலுக்குவது? காகிதம் கொடுத்தவர் போய்விட்டார், இந்தப் பெண் அன்றுதான் என்னைப் பார்க்கிறார். அவரே ஸாரி வேறு சொன்னார். நான் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

கார் நிறுத்துமிடத்திலிருந்து ரூபினிக்குப் போன் போட்டேன். கோமளா சொன்னதையெல்லாம் அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு, “நான் வந்துடறேங்க. ரெண்டு பேரும் சேர்ந்து கொஞ்சங் கொஞ்சமா ஆரம்பிக்கலாம்” என்றாள். சரி என்றேன். மெதுவாக என்று கோமளாவும் சொல்லியிருந்தார். ஆனால் என் நிலைமையில் இருந்து பாருங்கள். இரண்டு வருடம் வாயைக் கட்டிப் போட்டவனுக்கு அவிழ்த்துவிட்டபின் எட்டு மணி வரை எப்படிப் பொறுக்கும்? வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஐஸ்பெட்டியில் இருந்த காகிதத்தைக் கிழித்து எறிந்தேன்.

ஐந்து மணி இருக்கும். வெயில் தணிந்திருந்தது. லோஷினி வாசலில் சின்னச் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தாள். நான் கேட் பக்கத்தில் நின்று எதில் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். உடும்பில் தொடங்கலாம், கோழிக் கதை அவளுக்குப் பிடிக்கும். அந்த நேரம் பார்த்துச் சைக்கிள் சக்கரம் சிமெண்டு விளிம்பில் ஏறி, பிள்ளை முட்டி தேய விழுந்தாள். வாய் கோணி அழத் தொடங்கினாள்.

‘ஆர் யூ ஓகே’ என்பது நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு ஓடினேன்.

“ஐயோ என் தங்கமே, எங்கடா அடிச்சிச்சு? இந்தத் தரையா தள்ளிவிட்டிச்சு? ஏய், என் பிள்ளையையா தள்ளிவிடற? உன்ன என்ன பண்றேன் பாரு” என்று பளார் பளாரென்று சிமெண்டில் அறைந்தேன். கை எரிந்தது. இரண்டு வருட ஆத்திரமும் அன்றைய சந்தோஷமும் சேர்ந்த அடி அது. “இன்னொரு தரம் தொட்டுப் பாரு, தொலைச்சிப்புடுவேன்” என்று இன்னும் ஒன்று போட்டேன்.

அழுகை நின்றுவிட்டது. பட்டென்று நின்றது. பார்த்தாயா, இதுதான் மருந்து, இதற்கு எந்த வகுப்பும் வேண்டாம் என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. சிரித்துக்கொண்டே நிமிர்ந்தேன்.

லோஷினி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாள். முட்டியிலிருந்து ரத்தம் வழிந்து செருப்பில் இறங்கிக்கொண்டிருந்தது, அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்தாள்.

“ஸாரி அப்பா” என்றாள். “ஸாரி. ஐ வில் நாட் ஃபால் டவுன் அகைன்.”

எனக்கு ஒரு நிமிடம் எதுவும் விளங்கவில்லை. பிறகு எல்லாம் ஒரேயடியாக விளங்கியது. என் பிள்ளை, நினைவு தெரிந்த நாள் முதலாக, தமிழை எப்போது கேட்டிருக்கிறாள்? மடக்குக் கதவுக்குப் பின்னால் நானும் ரூபினியும் கத்தும்போது. லாரிக்காரனை நான் ஏசும்போது. கொஞ்சுவது, சோறு ஊட்டுவது, தூங்கவைப்பது எல்லாம் அவளுக்கு இங்கிலீஷ். தமிழ் என்றால் அப்பா கோபத்தில் இருக்கிறார், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

“இல்லடா கண்ணு, அப்பா உன்ன ஏசல” என்று ஓர் அடி முன்னால் வைத்தேன். அதுவும் தமிழ். அவள் தலையை வேகமாக ஆட்டிக்கொண்டே உள்ளே போய்விட்டாள். உள்ளே டேப்லெட் பாட்டு முழுச் சத்தத்தில் அலறத் தொடங்கியது.

பாட்டு பிடித்து அவள் சத்தம் வைக்கவில்லை. ஒருநாளும் அதற்காக வைத்ததில்லை. அந்த வாசலில், கவிழ்ந்து கிடந்த சைக்கிளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் அழுதேன். மெய் லிங் ஆன்ட்டி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் திரையை இழுத்துக்கொண்டார்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், பஞ்சும் மருந்தும் எடுத்துக்கொண்டு சோபாவுக்குக் கீழே உட்கார்ந்தேன். “அப்பா நாட் ஆங்ரி” என்றேன். அவள் திரையைப் பார்த்தபடி “ஓகே” என்றாள். முட்டியைத் துடைத்துவிட்டேன். எரிந்திருக்கும், உதட்டைக் கடித்துக்கொண்டாளே தவிர சத்தம் வரவில்லை. நீ அழுதாலும் பரவாயில்லை, வலித்தால் அழத்தான் வேண்டும் என்று அவளுக்குச் சொல்ல ஆசைப்பட்டேன். ஒன்பது மாத நோட்டை மனதுக்குள் முன்னும் பின்னுமாகப் புரட்டினேன். கேக் இருந்தது, வானிலை இருந்தது, பூனை இருந்தது. “குட் கேர்ள்” என்றேன்.

எட்டு மணிக்குக் கேட் திறக்கும் சத்தம். ரூபினி அன்றைக்கு ஜாமில் நசுங்கியவளாகத் தெரியவில்லை. கையில் ஒரு பை, முகமெல்லாம் சிரிப்பு. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றபடியே, பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருப்பாள்போல, வீடே கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்: “செல்லம், அம்மா வந்துட்டேன்டி. இங்க வாடி என் ராசாத்தி.”

லோஷினியின் விரல் டேப்லெட்டின் ஓரத்துக்குப் போனது. பாட்டு பெரிதானது.

ரூபினி சிரிப்பு மாறாமல் என்னைப் பார்த்தாள். என்ன ஆச்சு என்று கண்ணால் கேட்டாள். ஒரே மூச்சில் சொல்லிவிடலாம், தமிழில். அதற்குச் சமையலறைக்குப் போய்க் கதவை மூட வேண்டும். அந்தக் கதவு மூடுகிற சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று உள்ளே ஒருத்திக்குத் தெரியும். இங்கேயே நின்று தமிழில் சொன்னாலும் அதே அர்த்தம்தான்.

அதனால் நான் அங்கேயே, பிள்ளை காதில் விழும்படி, முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டு, என் மனைவியிடம் நடந்ததைச் சொல்லத் தொடங்கினேன்.

“டுடே,” என்றேன், “ஷி ஃபால் டவுன். ஐ... ஐ ஹிட் த ஃப்ளோர்.”

அதற்கு மேல் எனக்கு இங்கிலீஷ் வரவில்லை.